ஸுஹா: பெயரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு

சென்ற மாதம் கிண்ணியாவில் என் மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஸுஹா என்று பெயர் வைத்தோம். அகீகா சாப்பாட்டுக்கு வந்தவர்களில் தொடங்கி, கடைத்தெருவில் கண்டவர்கள் வரை அந்தப் பெயரைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. 31 வருடம் அரபு படிப்பித்தவள் என்பதால் எல்லாக் கேள்வியும் என்னிடமே வந்தது. நேரில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். பெயர்ப் புத்தகத்தில் ஸுஹா என்றால் 'பிரகாசமான நட்சத்திரம்' என்று போட்டிருக்கிறது. சரிதானா?

வ அலைக்கும் ஸலாம் மகள். நட்சத்திரம் என்பது சரி. பிரகாசமான என்பதுதான் பிழை. ஸுஹா, பார்வைக்கு எளிதில் சிக்காத மங்கலான நட்சத்திரம். வடவானத்தில் ஏழு நட்சத்திரங்கள் அகப்பை போலக் கிடக்கும். நாலு சேர்ந்து கிண்ணம், மூன்று சேர்ந்து பிடி. அரபிகள் அதை 'பனாத்து நஃஷ்' என்றார்கள். நஃஷ் என்றால் இறந்தவரைச் சுமந்துபோகும் சந்தூக்கு. நாலும் சந்தூக்கு, மூன்றும் அதற்குப் பின்னால் நடந்துபோகும் பெண்மக்கள். அந்த மூன்றில் நடுவில் இருப்பதை இன்றைய வானியலில் மிஸார் என்கிறார்கள். அதை ஒட்டிக்கொண்டு மினுங்கும் சின்னப் பொட்டுத்தான் ஸுஹா. வானியல் புத்தகங்களில் அதன் பெயர் அல்கோர்.

முற்காலத்து அரபிகள் இதை வைத்துக் கண்பார்வையைச் சோதித்தார்கள். லிஸானுல் அரப் அகராதியிலும் அப்படியே எழுதியிருக்கிறது. 'நான் அவளுக்கு ஸுஹாவைக் காட்டுகிறேன், அவள் எனக்குச் சந்திரனைக் காட்டுகிறாள்' என்று ஒரு பழமொழியும் உண்டு. நுணுக்கமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துவந்து நீட்டுகிறவருக்குச் சொல்வது. பிரகாசம் இல்லையே என்று மனம் சுருங்க வேண்டாம். கூர்ந்து பார்க்கிறவருக்குத் தெரிகிற நட்சத்திரம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மூதூரிலிருந்து ஒரு தந்தை: டீச்சர், தொழுகையில் மறந்துபோனால் 'ஸஜ்தா ஸஹ்வு' செய்கிறோமே, இதுவும் அந்தச் சொல்தானே? மறதி என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கலாமா?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் பெயர் வைக்கிறவர்கள்தான் அதிகம். இரண்டும் ஒரே வேர்தான்: ஸீன், ஹா, வாவ். ஸஹ்வு என்றால் கவனம் தப்புதல். ஸுஹா என்பது அந்த வேரில் வந்த ஒரு நட்சத்திரத்தின் தனிப்பெயர்; பார்க்கிறவரின் கவனத்துக்குத் தப்பிவிடுவது என்று அதை விளங்கலாம். குறை பார்க்கிற கண்ணில், நட்சத்திரத்தில் அல்ல. அரபு பேசும் ஊர்களில் ஸுஹா என்று கூப்பிட்டால் நட்சத்திரம்தான் நினைவுக்கு வரும், மறதி அல்ல.

கெட்ட கருத்துள்ள பெயர்களை நபி (ஸல்) அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். மாறு செய்கிறவள் என்று பொருள்படும் 'ஆஸியா'வை ஜமீலா என்று மாற்றிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. (ஃபிர்அவ்னின் மனைவி ஆசியா நாயகியின் பெயர் அரபியில் வேறு எழுத்து, வேறு சொல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடுவதால் வீணாகப் பயப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.) ஸுஹா அந்த வகையில் சேராது. தாராளமாக வைக்கலாம்.

உப்புவெளியிலிருந்து ஒரு தாதி: வணக்கம் டீச்சர். பிள்ளை பிறந்த வார்டில நான்தான் நின்றனான். பெயரைக் கேட்டதில இருந்து யோசிக்கிறன், எங்கட ஆக்கள் இந்த நட்சத்திரத்தை என்னெண்டு சொல்லுறவை?

வணக்கம் தங்கச்சி. உங்கள் கலியாணத்தில் ஐயர் உங்களுக்குக் காட்டிய அதே நட்சத்திரம். அருந்ததி!

இதை நான் எந்தப் புத்தகத்திலும் முதலில் படிக்கவில்லை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் 'பாதை' என்ற மிதவையில்தான் துறையைக் கடப்போம். எனக்குப் பத்து வயதிருக்கும். திருகோணமலை டவுனிலிருந்து திரும்பும்போது இரவாகிவிட்டது. பாதை அக்கரையில் நின்றது. துறையடியில் காத்திருந்தபோது வாப்பா என் தாடையைப் பிடித்து வடக்கே திருப்பி, "பிடியின் நடுவில் எத்தனை தெரியுது?" என்று கேட்டார். "ஒன்று" என்றேன். "இன்னும் பார்." பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு பக்கத்தில் ஊசி முனையளவில் இன்னொன்று தெரிந்தது. "ஸுஹா" என்றார் வாப்பா. எங்களுக்குப் பக்கத்தில் கலியாண வீட்டிலிருந்து வந்த ஒரு தமிழ் ஆச்சி, மடியில் பலகாரப் பொதியோடு உட்கார்ந்திருந்தார். அவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அது அருந்ததியெல்லோ தம்பி" என்றார். பாதை வந்து சேரும்வரை இருவரும் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் மரபில் ஏழும் ஏழு ரிஷிகள். மிஸார்தான் வசிட்டர், பக்கத்தில் அவர் மனைவி அருந்ததி. சங்கப் பாடல்களில் 'வடமீன்' என்று வரும். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் திருமணத்தைச் சொல்லுமிடத்தில் அவளை 'சாலி ஒரு மீன் தகையாள்' என்கிறார் இளங்கோ. சாலி என்றாலும் அருந்ததிதான். சுமார் 1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றி அரபியில் எழுதிய அல்பிரூனி, ஏழு ரிஷிகளைச் சொல்லிவிட்டு, அவர்களோடு பக்தியுள்ள ஒரு பெண்ணும் இருந்தாள் என்று எழுதி, அவளை 'அஸ்ஸுஹா' என்றே குறிப்பிடுகிறார். ஆயிரம் வருடத்துக்கு முன் அவர் எழுதிய அதே சேதியைத்தான் வாப்பாவும் அந்த ஆச்சியும் துறையடியில் கதைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

தோப்பூரிலிருந்து ஒரு மாமி: நட்சத்திரத்தின் பெயரை வைப்பது நட்சத்திரத்தை வணங்குவது போலாகாதா மகள்?

ஆகாது மாமி. நஜ்மா என்றாலும் நட்சத்திரம்தான், அதை நம் பாட்டிமார் காலத்திலேயே வைத்திருக்கிறோம். 'ஷிஃரா' என்ற நட்சத்திரத்தை வணங்கியவர்களுக்கு, அதன் இறைவனும் அவனே என்று அந்நஜ்ம் அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான். படைப்பின் பெயரை வைப்பதில் குற்றமில்லை. ஸுஹா என்ற சொல் குர்ஆனில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குர்ஆனில் வரும் பெயர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டவுனிலிருந்து ஒருவர்: இந்தப் பெயர் எங்கெல்லாம் வழக்கில் இருக்கிறது?

லெபனான், பலஸ்தீன், ஜோர்தான், எகிப்துப் பக்கம் பெண்களுக்கு வைக்கிறார்கள். யாஸிர் அரபாத்தின் மனைவி பெயர் ஸுஹா. எகிப்திலும் இந்தியாவிலும் 'ஸோஹா' என்று உச்சரிப்பார்கள். ஹிந்தி நடிகை ஸோஹா அலி கானைப் பலருக்குத் தெரியும். துருக்கியில் இது ஆண்களின் பெயர். நம் பக்கத்தில் மிகக் குறைவு. என் 31 வருட வகுப்பு இடாப்புகளில் ஸுஹா என்று இரண்டே இரண்டு பிள்ளைகள்தான். பாத்திமா ஸுஹா என்று முன்னால் சேர்த்தாலும் ஓசை நன்றாகவே இருக்கும்.

கந்தளாயிலிருந்து ஒரு தாய்: பதிவில் 'சுகா' என்று எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. என் மாணவி ஒருவருக்கு அப்படி நடந்து, திருத்த அலைந்தார்கள். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். போகும்போது பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிய தாளைக் கையில் கொண்டுபோங்கள். ஆங்கிலத்தில் எஸ், யு, எச், ஏ. நடுவில் ஓ போட்டால் பிறகு பாஸ்போர்ட்டில் வேறு ஆளாகிவிடும். கையெழுத்து வைக்கும் முன் ஒருதரம் எழுத்துக் கூட்டி வாசியுங்கள். முற்பகலைக் குறிக்கும் 'ழுஹா' வேறு பெயர். அதுவும் அழகானதுதான், ஆனால் இரண்டையும் குழப்பாதீர்கள்.

நிலாவெளியிலிருந்து, இரட்டைப் பெண்பிள்ளைகளின் தாய்: ஸுஹா, ஸுஹைலா என்று வைக்கலாமா டீச்சர்?

வைக்கலாம், ஆனால் குசினியிலிருந்து கூப்பிடும்போது இரண்டு பிள்ளையும் திரும்பும். ஸுஹா, ஸுரையா என்று வையுங்கள். ஸுரையா என்றால் கார்த்திகைக் கூட்டம். இரண்டும் வானத்தில் உள்ளவை, ஓசையும் பிரிந்து கேட்கும்.

மூதூரிலிருந்து மீண்டும் அதே தந்தை: எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியுமா? எப்போது பார்க்கலாம்?

தெரியும். மே, ஜூன் மாதங்களில் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு, வீட்டு வெளிச்சம் படாத இடத்தில் வடக்கே பார்த்து நில்லுங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் அகப்பை கவிழ்ந்து கிடக்கும், பிடி வலது பக்கம். பிடியின் நடு நட்சத்திரத்தை மட்டும் பாருங்கள். அதற்கும் ஸுஹாவுக்கும் இடையில் தெரியும் தூரம் பூரணை நிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லை. நம் கண்ணுக்கு வரும் அந்த வெளிச்சம் ஏறக்குறைய 80 வருடத்துக்கு முன் அங்கிருந்து புறப்பட்டது. ஸுஹாவுக்கும் மங்கலான ஒரு துணை நட்சத்திரம் இருப்பதை 2009இல் கண்டுபிடித்தார்கள். அதைக் காணப் பெரிய தொலைநோக்கி வேண்டும். ஸுஹாவுக்கு நம் கண்ணே போதும். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றாமல் பாருங்கள். நிலவில்லாத இரவாக இருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழக ஒரு பத்து நிமிடம் கொடுங்கள், கைபேசியைத் திறக்காதீர்கள்.