பதிவேட்டுச் சுமையும் வகுப்பறை நேரமும்: கேள்வி பதில்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். பதிவேட்டுப் பணிகள் குறித்து ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (இடைநிலை ஆசிரியை, ஈராசிரியர் பள்ளி): கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே. எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான மாநிலக் கல்வித் துறையின் இணையத் தளம்) பதிவேற்றத்தை நான் மறுக்கலாமா?

பதில்: கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 27-ஆம் பிரிவைத்தான் சொல்கிறீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்வி சாராப் பணி கூடாது என்கிறது அது. ஆனால் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவது கல்வி சார்ந்த பணியே என்று துறை வாதிட இடமிருப்பதால், அதை மட்டும் நம்பி மறுக்க வேண்டாம். அதே சட்டத்தின் அட்டவணை உங்களுக்கு அதிகம் உதவும். 1 முதல் 5 வகுப்புகளுக்கு ஆண்டில் 200 நாள்கள், 800 மணி நேரம் கற்பித்தல் நடைபெற வேண்டும்; அதாவது நாளொன்றுக்கு 4 மணி நேரம். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் என்று கணக்கிடுவதும் அந்த அட்டவணைதான். ஒருவர் கைப்பேசியுடன் அமர்ந்துவிட்டால் ஐந்து வகுப்புகளும் மற்றவரின் பொறுப்பாகிவிடும் என்பதைச் சொல்லி, பதிவேற்றத்துக்கு மாலை வேளையை ஒதுக்கும்படி வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி (நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்): எமிஸில் உள்ள விவரத்தையே மத்திய அரசின் பள்ளித் தரவுத் தளமான யுடைஸ் பிளஸுக்கும், பிறகு வாட்ஸ்அப் வழியாக வேறொரு படிவத்திலும் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சுமையின் வேர் இங்கேதான் இருக்கிறது. மாணவர் ஒவ்வொருவருக்கும் எமிஸில் தனி எண் இருக்கும்போது, இனவாரி, பாலினவாரி எண்ணிக்கையை அலுவலகமே எடுத்துக்கொள்ள முடியும். எனக்கும் ஒரே வாரத்தில் ஒரே எண்ணிக்கையை மூன்று படிவங்களில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்ப நேர்ந்தது. அந்த வாரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இழந்த கழித்தல் பாடத்தை யாரும் ஈடுசெய்யவில்லை. எந்த விவரம், யார் கேட்டது, எத்தனையாவது முறை என்று ஒரு பருவம் முழுவதும் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்துடன் இணைத்து அனுப்பினால், பெற்றோரின் குரலும் அதில் சேரும். ஒருமுறை தந்த விவரத்தை மறுபடி கேட்கக் கூடாது என்ற ஒரே ஆணை, கூடுதல் பணியாளர் நியமனத்தை விடவும் விரைவாகப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (பட்டதாரி ஆசிரியர்): வாக்காளர் பட்டியல் பணியைப் பள்ளி நேரத்தில் செய்யச் சொல்லலாமா?

பதில்: ஆசிரியர்களை இப்பணியில் பொதுவாக விடுமுறை நாள்களிலும் கற்பித்தல் இல்லாத வேளையிலும் மட்டுமே ஈடுபடுத்த வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

கேள்வி (உதவி ஆசிரியை): எல்லாம் இணையத்தில் இருப்பதால் தாள் பதிவேடுகளை விட்டுவிடலாமா?

பதில்: பிள்ளைகள் பள்ளியில் சேர்வதையும் விலகுவதையும் குறிக்கும் சேர்க்கை நீக்கப் பதிவேட்டை ஒருபோதும் விடாதீர்கள். அறுபது வயதை நெருங்கிய ஒருவர் தம் பிறந்த தேதிக்குச் சான்று தேடி எங்கள் பள்ளிக்கு வந்தபோது, அந்தப் பழுப்பேறிய பக்கம்தான் உதவியது. வருகைப் பதிவு போல இரு இடங்களில் எழுதுபவற்றில் ஒன்றை நிறுத்துவதே நியாயம். ஆயினும் எழுத்து மூலமான ஆணை வரும்வரை நிறுத்தாதீர்கள், தணிக்கையின்போது உங்களைத்தான் கேட்பார்கள்.