அடைப்புக்குறிக்குள் ஓர் அண்ணன்

கேள்வி: எனக்கு வயது 27. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். இதுவரை நான்கு சிறுகதைகள் இதழ்களில் வந்திருக்கின்றன. இப்போது படைப்பெழுத்தில் இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வேலையை விட வேண்டும். கடனும் வாங்க வேண்டும். (அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். போன வருடம்தான் அவருக்குக் குழந்தை பிறந்தது, அதனால் தொகையை இன்னும் சொல்லவில்லை.) வரவு செலவு அட்டவணையை இணைத்திருக்கிறேன். போட்ட பணம் திரும்பி வருமா அம்மா? கட்டணம் கட்ட இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. படிப்பின் பெயர் மட்டும் மாறும்: ஓவியம், இசை, நாடகம், இப்போது எழுத்து. இப்படிக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் இரண்டில் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். ‘மனசு சொல்வதைக் கேள்’ என்று தட்டிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘எழுத்து சோறு போடுமா’ என்று அதட்ட வேண்டும். இரண்டையும் சொல்ல உனக்கு வேறு ஆள் இருப்பார்கள். எனக்கு உன் அடைப்புக்குறிதான் உறுத்துகிறது.

எழுத்தைப் படிக்கப் போகிறவள் நீ. ஒரு விஷயத்தை ஏன் அடைப்புக்குறிக்குள் போடுகிறோம் என்று உனக்கே தெரியும். கண்ணில் பட வேண்டும், ஆனால் யாரும் அங்கே நின்று பார்த்துவிடக் கூடாது. ‘குழந்தை பிறந்தது, அதனால் சொல்லவில்லை.’ அந்த ‘அதனால்’ என்ற சொல்லை எழுதும்போது உன் பேனா தயங்கவே இல்லையா? குழந்தை பிறந்திருக்கிறது என்பது தொகையை முதலில் சொல்வதற்கான காரணம். நீ அதையே மறைப்பதற்கான காரணமாக்கியிருக்கிறாய்.

அட்டவணையையும் பார்த்தேன். கணக்குப் பிரிவுக்காரி என்பது நன்றாகவே தெரிகிறது, 23 வரிகள். மடிக்கணினிக்கு ஒரு பை வாங்குவதைக்கூட விடவில்லை. அதில் அண்ணனுக்கு ஒரு வரி இல்லை. வேலையை விட்டால் இரண்டு வருடச் சம்பளம் போகுமே, அதுவும் இல்லை. கடன் என்ற இடத்தில் அசல் மட்டும் இருக்கிறது. வட்டிக்கு நேரே ‘பிறகு’ என்று எழுதியிருக்கிறாய். அலுவலகத்தில் இப்படி ஒரு தாளைக் கொண்டுபோய் மேலதிகாரி மேசையில் வைப்பாயா?

சரி, அந்தப் ‘பிறகு’ எவ்வளவு என்று நானே போட்டுப் பார்த்தேன். வட்டி 10 சதவீதம் என்று அடிக்குறிப்பில் நீயே சொல்லியிருக்கிறாய். 100 கடன் வாங்கினால், படிக்கிற இரண்டு வருடத்தில் தனிவட்டியாகப் பார்த்தாலே அது 120 ஆகிவிடும். அதை 10 வருட மாதத் தவணையாகக் கட்டி முடிக்கும்போது உன் கையை விட்டுப் போயிருப்பது 190. மொத்தம் 120 தவணைகள். கடைசித் தவணை கட்டும்போது உனக்கு வயது 39, அண்ணன் குழந்தைக்கு 13.

ஜாமீன் என்றால் கூடப்பிறந்தவளுக்குச் செய்கிற ஒரு மரியாதை என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ கட்டத் தவறினால் பாதியைக் கொடு என்று அவரிடம் கேட்க மாட்டார்கள். மிச்சம் முழுவதையும் கேட்பார்கள். நீ ஒழுங்காகவே கட்டினாலும், நாளைக்கு அவர் வீட்டுக்காகவோ குழந்தையின் படிப்புக்காகவோ கடன் கேட்டுப் போனால், உன் கடனும் அவர் கணக்கில் ஒரு பொறுப்பாக நிற்கும். இதெல்லாம் தெரிந்து அவர் கையெழுத்துப் போட்டால் அது அவர் மனசு. தெரியாமல் போட வைத்தால் அதற்குப் பெயர் வேறு. நான் பழைய ஆள். அண்ணன் தங்கைக்குச் செய்வது கடமை என்று நம்புகிறவள்தான். ஆனால் தங்கைக்கும் கடமை உண்டு. கேட்கிறவள் எவ்வளவு கேட்கிறோம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். போட்ட பணம் திரும்பி வருமா? எழுத்திலிருந்து மட்டும் என்றால், வராது என்றே வைத்துக்கொள். அச்சுப் புத்தகத்துக்கு எழுத்தாளரின் பங்கு பெரும்பாலும் விலையில் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆயிரம் பிரதி விற்றால் நூறு பிரதியின் விலை உனக்கு. ஆயிரம் பிரதி விற்பது எவ்வளவு கஷ்டம் என்று புத்தகம் போட்டவர்களைக் கேட்டுப் பார். கற்பிக்கும் வேலைக்குப் போகலாம் என்று நினைப்பாய். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1936-இல் எழுத்துப் பட்டறையைத் தொடங்கிய பிறகு இந்தப் படிப்பு பல இடங்களுக்குப் பரவிவிட்டது. பட்டம் வாங்குகிற எல்லோருக்கும் கொடுக்க அத்தனை வகுப்பறைகள் கிடையாது. இருக்கிற இடங்களுக்கும் பட்டத்தோடு வெளிவந்த புத்தகத்தையும் சேர்த்துக் கேட்பார்கள்.

படிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. எழுதியதைப் பொறுமையாகப் படித்து ‘இந்தப் பக்கம் பொய்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிற பத்துப் பேர், கெடு தேதி, இரண்டு வருட நேரம் ஆகியவை அங்கே கிடைக்கும். இவை பெரிய விஷயங்கள்தான். ஆனால் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அந்தோணி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் 33 வருடம் தபால் துறையில் இருந்தார். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். வேலையில் இருந்தபோதும் அதை விட்ட பிறகுமாகச் சேர்த்து அவர் எழுதியவை 47 நாவல்கள். தன்னை எழுப்பிவிடுவதற்காக வேலைக்காரருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். நீயும் எழுப்பிவிட ஆள் தேடுகிறாய். உன் ஆளுக்கான கூலியில் அண்ணனின் பன்னிரண்டு வருடமும் சேர்ந்திருக்கிறது.

கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லி உதவித்தொகையும் கொடுக்கிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே விண்ணப்பித்தாயா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லைக் காணோம். அங்கே இடம் கிடைக்க ஒரு வருடம் ஆகும் என்றால் ஆகட்டும். சம்பளமும் வரும், ஐந்தாவது, ஆறாவது கதையும் வரும். நான்கு கதைகளைக் காட்டிக் கேட்பதைவிட பத்துக் கதைகளைக் காட்டிக் கேட்பது எளிது.

இல்லை, இந்தப் படிப்புதான், இந்த வருடம்தான் என்று பிடிவாதம் பிடித்தால் பிடி. 27 வயது, உன் வாழ்க்கை. 12 நாளில் முதல் நாளை அண்ணனுக்குக் கொடு. அட்டவணையில் 24-ஆவது வரியாக அவர் பெயரை எழுது. பக்கத்தில் அந்த 190-ஐ முழுத் தொகையாக மாற்றி எழுது, 100-ஐ எழுதி ஏமாற்றாதே. தொலைபேசியில் சொல்லாதே, நேரில் போ. தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை நீ எதுவும் பேசாமல் இரு. அண்ணியும் பக்கத்தில் இருக்கட்டும்.