"வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடுகிறது": கொழும்புக்காரர் கேள்விகளுக்கு உச்சரிப்பு ஆசிரியையின் பதில்கள்

கேள்வி: டீச்சர், நான் மலையகத்தில் ஹட்டன் தேயிலைத் தோட்டப் பக்கம். கொழும்பில் ஒரு வாடிக்கையாளர் அழைப்பு நிலையத்தில் வேலை. நான் "பேசுறேன்", "வாங்க" என்றால் கூட இருப்பவர்கள் 'தோட்டத் தமிழ்' என்று சிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழைப் பழகிக்கொள்ளட்டுமா?

வேண்டாம் தம்பி. சொற்களைப் பழகிவிடலாம், இழுவையும் ஏற்ற இறக்கமும் லேசில் வராது. நீங்கள் "வாங்கோ" என்று முயன்றால், யாழ்ப்பாணத்துக் காதுக்கு நக்கலடிப்பது போலத்தான் விழும்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். யாழ்ப்பாணத்தில் "பேசினார்" என்றால் ஏசினார் என்று அர்த்தம். "மனேஜர் உங்களோட பேசுவார்" என்று போனில் சொன்னால், அந்தப் பக்கத்து அம்மா தனக்கு ஏச்சு விழப்போகிறது என்று பயந்துவிடுவார். அங்கே "கதைப்பார்" என்று சொல்லுங்கள். இது விளங்குவதற்காகச் செய்கிற மாற்றம், வெட்கத்துக்காக அல்ல. மற்றபடி நம்பரையும் பெயரையும் நிதானமாகச் சொல்லி, ஒருமுறை திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்தினால் போதும்.

இனி சிரிப்பு விஷயம். உங்கள் "வாங்க"வுக்குச் சிரிக்கிறவர்கள், இரவு வீட்டுக்குப் போய் சென்னை சீரியலில் அதே "வாங்க"வை ரசித்துப் பார்க்கிறார்கள். அப்படியென்றால் சிரிப்பு ஒலியைப் பார்த்து வரவில்லை. லயத்தையும் (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) தோட்டத்தையும் பார்த்து வருகிறது. 1820களில் தொடங்கி தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகளை 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அன்றைய பார்வையின் மிச்சம்தான் இன்றைக்கு ஒபிஸில் பகிடியாக வருகிறது. பகிடி எல்லை மீறி இழிசொல்லாக மாறினால், திகதி போட்டு எழுதி மேலதிகாரியிடம் கொடுங்கள். சிரித்துச் சமாளித்தால் அது பழகிப்போகும்.

கேள்வி: மட்டக்களப்பில் இருந்து வந்து வெள்ளவத்தையில் போடிங்கில் நிற்கிறேன். "மறுகா" (பிறகு) என்றாலே அறைத்தோழிகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். கொஞ்ச நாளில் அவர்களும் "மறுகா" என்பார்கள், பாருங்கள். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதியிருக்கிறார். அதற்காக அதைச் சான்றிதழாகத் தூக்கிக்கொண்டு மற்றவர்களை மட்டம் தட்டப் போகாதீர்கள்.

கேள்வி: கொழும்பு மாளிகாவத்தை, முஸ்லிம் குடும்பம். அறிவிப்பாளர் தெரிவுக்குப் போக ஆசை. வீட்டில் "ஈக்கிது" (இருக்கிறது) என்று பேசும் எனக்குச் செய்தி வாசிக்க வருமா?

வரும். செய்தித் தமிழ் எவருடைய வீட்டுத் தமிழும் இல்லை. "சொல்லுகினம்" என்று வீட்டில் கதைக்கும் யாழ்ப்பாணத்தாரும் மைக் முன்னால் "தெரிவிக்கின்றனர்" என்றுதான் வாசிக்கிறார். தினமும் ஒரு பத்திரிகைத் தலையங்கத்தைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக விழுகிறதா என்று பாருங்கள். வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள், அநேகமானோர் தடுமாறுவது அங்கேதான். அரபுப் பெயர்கள் வந்தால் உங்களுக்குக் கஷ்டமே இல்லை, மற்ற வாசிப்பாளர்கள்தான் முழிப்பார்கள்.

கேள்வி: என் மகன் டிவி பார்த்துச் சென்னைத் தமிழ் கதைக்கிறான். அம்மம்மா "உங்கை வை" (உன் பக்கத்தில் வை) என்றால் கேலி செய்கிறான்.

டிவித் தமிழ் தானாகக் குறையும், விடுங்கள். கேலிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இது என் பக்கத்தில், அது தூரத்தில், உது உன் பக்கத்தில். அ, இ, உ என மூன்று சுட்டெழுத்துகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. தமிழகத்துப் பேச்சு மூன்றாவதை விட்டுவிட்டது, அம்மம்மா விடவில்லை. அவனுக்கே இது ஒரு புதினமாக இருக்கும்.

கேள்வி: தமிழில் பயமில்லை. சிங்களம் கதைத்தால் என் உச்சரிப்பைக் கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்ப்பதாக ஒரு கூச்சம். கொழும்பு காலி வீதி பஸ்ஸில் இறங்கும் இடத்தைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்.

தங்கச்சி, இது உங்களுக்கு மட்டும் உள்ள கூச்சம் இல்லை. வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லவைத்து ஆளை இனங்கண்ட கதைகளை, 1958, 1983 இனக்கலவரங்களைக் கண்டவர்களிடம் கேட்டிருப்பீர்கள். அந்தப் பயம் வீடுகளில் கைமாறி வந்திருக்கிறது. அதை அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நாக்குக்குத் தேவையானது சின்னப் பயிற்சிதான். பழத்தின் 'ப' வேறு, பஸ்ஸின் 'ப' வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, சிங்களத்தில் தனித்தனி எழுத்து. க, த, ட என்பவையும் அப்படியே. ஊரில் பெரியவர்கள் "வஸ்" என்பதும் இதனால்தான். தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் சொல்லிப் பாருங்கள், பஸ்ஸுக்கு அதிர்வு முன்கூட்டியே வரும்.

மிச்சம் இழுவை இருந்தால் இருக்கட்டும். சிங்களவர் தமிழ் கதைக்கும்போது ள, ழ தடுமாறினால் நாங்கள் சந்தோஷப்பட்டுப் பதில் சொல்கிறோமே. முதலில் தெரிந்த கடையில் சாமான் கேட்டுப் பழகுங்கள், பஸ்ஸில் சொல்வதை அப்புறம் பார்க்கலாம்.