நங்கூரத்துக்கு முறுக்குக் கயிறா, பின்னல் கயிறா?

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு நாட்டுப்படகு, இவருக்குக் கடல்பாசி மிதவையில் வேலை. படகின் நங்கூரக் கயிறு நைந்துவிட்டது. கடையில் மூன்று புரி (கயிற்றில் சேர்ந்து முறுக்கிய தனித்தனி இழை) முறுக்குக் கயிறு ஒரு விலை, பின்னல் கயிறு அதைவிடக் கூடுதல் விலை. "பின்னுனாத்தான் பலம்னு எம் மக சடையக் காட்டிச் சொல்றா. காசு கூடப் போனாலும் பின்னலே வாங்கிரலாமா?"

வேண்டாம். நங்கூரத்துக்கு நைலான் முறுக்குக் கயிறே போதும். ஆனால் உங்கள் மகள் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

கூந்தலை இரண்டு பாகமாகப் பிரித்து ஒன்றோடொன்று சும்மா சுற்றிவிட்டுக் கையை எடுத்தால் உடனே அவிழ்ந்துவிடும். ஒவ்வொரு பாகத்தையும் முதலில் வலப்பக்கமாகத் திருகிவிட்டு, இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாகச் சுற்றினால் நிற்கும். உள்ளே இருக்கும் திருகு ஒரு பக்கம் அவிழப் பார்க்கிறது, வெளியே இருக்கும் திருகு மறுபக்கம் அவிழப் பார்க்கிறது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. தென்னை நாரைத் தொடையில் உருட்டித் திரிப்பதும் இதே வேலைதான், மெஷின் முறுக்கும் நைலானும் இதே வேலைதான்.

சடைக்கு இந்தத் திருகே தேவையில்லை. மூன்று காலும் மாறி மாறிக் குறுக்கே போகின்றன, உராய்வே பிடித்துக்கொள்கிறது. பின்னல் கயிற்றில் புரிகளில் பாதி வலமாகவும் பாதி இடமாகவும் ஓடுவதால் எவ்வளவு இழுத்தாலும் அது சுழலாது. முறுக்குக் கயிறு அப்படியில்லை. பாரம் ஏறும்போது கொஞ்சம் அவிழப் பார்க்கும். பாரம் சட்டென்று விட்டால் சுருண்டு மடங்கிக்கொள்ளும், மடங்கிய இடத்தில் புரி கெட்டுவிடும்.

ஆக, பின்னல் தருவது சுழலாமை. பலம் நூலிலும் கனத்திலும் இருக்கிறது. சொல்லப்போனால், குறுக்கே போகும் இழை நேராக ஓடும் இழையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தாங்கும்.

இந்தச் சுழல் தொல்லைக்கு நம் ஆட்கள் பின்னல் இல்லாமலே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். வலையின் மேல்கயிற்றைப் பாருங்கள். விவரம் தெரிந்தவர் கட்டியதென்றால் இரண்டு கயிறுகள் சேர்ந்து ஓடும்; ஒன்று வலமுறுக்கு, ஒன்று இடமுறுக்கு. ஒன்றின் சுழலை மற்றது அடக்கிவிடும், வலை திருகிக்கொள்ளாது. (வேடிக்கை என்னவென்றால், பூவைத் தொடுக்கிறோம், ஓலையை முடைகிறோம், கயிற்றைத் திரிக்கிறோம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் நாம், வலையை மட்டும் 'பின்னுகிறோம்' என்கிறோம். அதில் இருப்பதோ முழுக்க முடிச்சு.)

சரி, நங்கூரத்துக்கு ஏன் முறுக்கு? முதல் காரணம் நீளும் தன்மை. மூன்று புரி நைலான் நன்றாக நீண்டு கொடுக்கும். காற்று தூக்கி அலை படகை வெட்டி இழுக்கும்போது அந்த அதிர்ச்சியைக் கயிறே வாங்கிக்கொள்ளும், நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வராது. இரண்டாவது, தேய்ந்த புரி வெளியிலேயே தெரியும். உள்கயிறு வைத்து மேலே உறைபோலப் பின்னிய கயிற்றில் மணல் உள்ளே புகுந்து அறுத்தாலும் வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். முறுக்குக் கயிற்றின் முனையைப் பிரித்து, ஒவ்வொரு புரியையும் திரும்பக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னிக் கண் (நங்கூரத்தை மாட்டும் வளையம்) போட்டுக்கொள்ளலாம். முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் கயிற்றின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். செருகிப் பின்னினால் 90 சதவீதம் வரை நிற்கும். தேங்காய் நாருக்கு மூன்று சுற்றுச் செருகினால் போதும். நைலான் வழுக்கும் என்பதால் குறைந்தது ஐந்து சுற்று. உங்கள் மகள் ஆசைப்படும் பின்னலை இந்த இடத்தில் போடச் சொல்லுங்கள்.

நைலானா என்று பார்த்து வாங்குங்கள். மிதவையில் நீங்கள் கட்டும் பாலிப்ரொப்பிலீன் கயிறு தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். நங்கூரத்தில் அதைக் கட்டினால் தொய்ந்த கயிறு மேலே வந்து இன்ஜின் காற்றாடியில் சுற்றிக்கொள்ளும். நைலான் மூழ்கும். நீளம் ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இருக்கட்டும்: இரண்டு பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்தில் நிறுத்துவதானால் பத்துப் பாகத்துக்குக் குறையாமல் விடுங்கள். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் பார் (கடலடிப் பாறை) உள்ள இடத்துக்குப் போவதானால் நங்கூரத்தை ஒட்டிக் கொஞ்சம் சங்கிலி போடுங்கள். பாறையில் உரசினால் எந்தக் கயிறும் தாங்காது.

மிதவைக்கு அந்த பாலிப்ரொப்பிலீன் முறுக்கே சரி. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 இடத்தில் 150 கிராம் விதைப்பாசி. மொத்தம் 60 கிலோ விதையை, அது வளர வளர, 45 நாள் அந்தக் கயிறுகள்தான் சுமக்கின்றன. புரியை விரலால் விலக்கிக் கட்டுநூலைச் செருகினால், கயிறு இறுகும்போது நூலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பின்னல் கயிற்றில் இப்படி விலக்குவது சிரமம். ஆனால் பாலிப்ரொப்பிலீனுக்கு வெயில் ஆகாது. தடவினால் கையில் தூள் ஒட்டுகிறதென்றால் மாற்றிவிடுங்கள்.

பின்னல் கயிற்றைக் கப்பியில் ஓடுவதற்கும் கையால் அடிக்கடி இழுப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். கையை உறுத்தாது.

அப்புறம், மகளிடம் ஒன்று சொல்லுங்கள். கயிற்றைத்தான் இறுக்க வேண்டும், சடையை அல்ல. நெற்றி ஓரத்தில் தினமும் இழுத்துப் பின்னினால் அந்த இடத்து முடி வேரோடு மெலியும். பல வருடம் தொடர்ந்தால் திரும்ப முளைக்காமலே போகலாம்.

கடையில் கயிற்றை வெட்டுவதற்கு முன் வெட்டும் இடத்தின் இரண்டு பக்கமும் நூலால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். வெட்டியதும் முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டால் வீடு வந்து சேர்வதற்குள் புரி பிரியாது. உருகிய நைலானைக் கையால் தொட்டுவிடாதீர்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும்.