மேகத்துக்குள் மோதுவது எது?

அன்புள்ள ஐயா,

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். "ரெண்டு மேகம் மோதினா இடி இடிக்கும்" என்கிறார்கள் பிள்ளைகள். சரியா? தென்மேற்குப் பருவத்தில் நாள்கணக்காக மழை கொட்டினாலும் இடி குறைவு. சித்திரையில் பின்னேரமானால் மட்டும் ஏன் இந்தப் பாடு? கையிலிருக்கும் கத்தி மின்னலை இழுக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

இரண்டு மேகங்கள் முட்டினால் ஒன்றோடொன்று கலந்துபோகும், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளைகள் சொல்வதில் பாதி சரி. மோதல் நடக்கிறது, ஒரே மேகத்தின் வயிற்றுக்குள். மோதுவது பனிக்கட்டிகள்.

நம் ஊரில் ஏது பனிக்கட்டி என்று கேட்பார்கள். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 2524 மீட்டர். அதன் தலையில் இன்னொரு பீதுருதாலகாலையைத் தூக்கி வைத்தால் வரும் உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்தைத் தொட்டுவிடும். பெரிய இடிமேகம் அதையும் தாண்டி 15 கிலோமீட்டர் வரை வளரும். அங்கே நீர்த்துளிகள் உடனே உறைவதில்லை. பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையிலும் நீராகவே மிதக்கும், பனித்துகள் எதிலாவது பட்டால் அதிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டி ஒட்டிப் பருத்ததுதான் குட்டி ஆலங்கட்டி. காற்றோடு மேலேறும் லேசான பனிப்பளிங்குகள் அதன்மேல் மோதித் தெறிக்கும்போது மின்னேற்றம் கைமாறுகிறது. பெரும்பாலும் ஆலங்கட்டிக்கு மறை ஏற்றம், பளிங்குக்கு நேர் ஏற்றம். கனத்தது நடுவில் தங்க, லேசானது உச்சிக்குப் போக, மேகம் மேலே நேர், நடுவே மறை என்று பிரிந்துவிடுகிறது.

ஆனால் குளிர் குறைந்த கீழ்ப்பகுதியில் ஆலங்கட்டியே நேர் ஏற்றம் பெறும். எது எந்த ஏற்றம் பெறும் என்பதை வெப்பநிலையும் நீரின் அளவும் சேர்ந்து தீர்மானிப்பதை ஜப்பானியரான தகாஹாஷி ஆய்வுகூடத்தில் காட்டினார். கட்டுரை 1978இல் வந்தது. உரசலின்போது கட்டிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று இன்னும் வாதாடுகிறார்கள். பிரிந்த ஏற்றங்களுக்கிடையே பாயும் பொறிதான் மின்னல், அதன் சத்தம்தான் இடி. அந்த முதல் பொறியிலும் ஒரு புதிர். தரைமட்டக் காற்றை உடைத்துக்கொண்டு மின்சாரம் பாய மீட்டருக்கு 30 இலட்சம் வோல்ட் வேண்டும். உயரத்தில் அதைவிடக் குறைவு போதும். ஆனால் பலூன் அனுப்பி மேகத்துக்குள் அளந்தால் ஒருசில இலட்சம்தான் கிடைக்கிறது. பனியின் கூர்முனையா, விண்வெளிக் கதிர்களா என்று ஆராய்கிறார்கள்.

சித்திரைக்கு வருவோம். அப்போது பருவக்காற்று ஓய்ந்திருக்கும். வெயிலில் மலைச்சரிவு சூடாகும், கடற்காற்று உள்ளே வரும், ஈரக்காற்று செங்குத்தாகக் கிளம்பும். பருவமழை மேகத்துக்கு அந்த உந்து வேகம் இல்லை. நீரைப் போதிய அளவு அந்தக் குளிர் உயரத்துக்குத் தூக்காது. கடும்புயல் மேகத்தில் மின்னல்களின் எண்ணிக்கை திடீரென எகிறினால், ஏறுகாற்று வலுத்துவிட்டது, ஆலங்கட்டியோ சூறைக்காற்றோ வரலாம் என்று எச்சரிப்பதும் இதனால்தான்.

கத்தி மின்னலை இழுக்காது. உயரமும் தனித்து நிற்பதும்தான் ஆபத்து. தேயிலைச் செடி இடுப்பளவுதான், நிற்கிற ஆள் அதைவிட உயரம். அதற்காக நிழல் மரத்தடிக்கு ஓடுவது இன்னும் மோசம்: மரத்தில் விழுந்த மின்னல் பக்கத்தில் நிற்பவர்மீது தாவும், நிலத்திலும் பரவும். அர்ச்சுனன் பேரைச் சொல்லட்டும், கட்டடத்துக்குள் இருந்து சொல்லட்டும். இடி கேட்டதுமே மலையைவிட்டு இறங்க வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. பக்கச்சுவர் இல்லாத கொழுந்து மடுவத்தைக் கட்டடம் என்று நம்ப வேண்டாம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், வீட்டில் போய்ச் சொல்வார்கள்.