குளத்தங்கரைக் கால்கள்: கேள்வி பதில்

கே: சார், எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு பறவை தாமரை இலை மேல் நடக்கிறது. இலை எப்படித் தாங்குகிறது?

இலைக்கோழி. அடுத்த முறை பைனாகுலரில் காலை மட்டும் பாருங்கள். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் விரல்கள், அதற்கும் மேல் நேராக நீண்ட நகங்கள். எடை ஒரே இடத்தில் விழாமல் பரவிவிடுகிறது. ஆனாலும் இலை லேசாக அமுங்கும். அதற்குள் ஆள் அடுத்த இலைக்குப் போயிருப்பார்.

கே: நாமக்கோழி வாத்து வகைதானே?

இல்லை, தாழைக்கோழிக்குச் சொந்தம். வாத்துக்கு முன்விரல் மூன்றையும் ஒரே சவ்வு இணைக்கும். நாமக்கோழிக்கு ஒவ்வொரு விரலிலும் தனித்தனி மடல். தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது மடல் விரியும், காலை முன்னால் கொண்டுவரும்போது மடங்கும். நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் பின்விரலும் சேர்ந்து நாலுமே சவ்வுக்குள்.

கே: கொக்குக்கு முழங்கால் ஏன் பின்பக்கம் மடங்குகிறது?

அது முழங்காலே இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. கொக்கு நடப்பது விரல்களால்.

கே: செங்கால் நாரை என்று பெயர். ஒரு போட்டோவில் கால் வெள்ளையாக இருக்கிறதே?

சிரிக்காதீர்கள், அது எச்சம். வெயில் ஏறினால் நாரை தன் கால் மேலேயே நீர்த்த எச்சத்தை விட்டுக்கொள்ளும். ஈரம் ஆவியாகும்போது காலில் ஓடும் இரத்தம் குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு.

கே: அண்ணா, தூங்கும்போது பறவைகள் கிளையிலிருந்து ஏன் விழுவதில்லை?

உட்கார்ந்ததும் கணுக்கால் மடங்கும், பின்னால் ஓடும் தசைநாண் இழுபடும், விரல்கள் தாமாகவே கிளையைப் பிடித்துக்கொள்ளும். இப்படித்தான் நானும் வெகுகாலம் சொல்லிவந்தேன். கறிக்கடையில் வெட்டிப்போட்ட கோழிக்காலின் நரம்பை இழுத்து விரலை மடக்கி விளையாடியவர்களுக்கு இதை நம்புவதில் சிரமமே இருக்காது. ஆனால் மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளைத் தூக்கத்தில் கவனித்தபோது விரல்கள் கிளையை இறுக்கிப் பிடிக்கவில்லை. பறவை சமநிலையில்தான் நின்றது. அதனால் இப்போது அந்தக் கதையை அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

கே: கிளிக்கு ஏன் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு விரல்?

பிடிக்கவும் ஏறவும். மரங்கொத்திக்கும் குயிலுக்கும் அப்படித்தான். கிளி மட்டும் அதைக் கையாகவும் வைத்துக்கொண்டு பழம் தின்கிறது.

கே: மாடியில் ஒரு குருவி எழ முடியாமல் கிடக்கிறது. கால் ரொம்பச் சின்னது. அடிபட்டிருக்குமா?

இறக்கை அரிவாள் மாதிரி வளைந்து நீளமாக இருந்தால் உழவாரன். இதன் இனத்துக்கு வைத்த 'ஏபஸ்' என்ற பெயருக்கே காலில்லாதது என்றுதான் பொருள். வாழ்க்கையின் பெரும்பகுதி ஆகாயத்தில். கால் சுவரைப் பற்றித் தொங்க மட்டும். தரையில் விழுந்தால் எழுவது கஷ்டம். வீசி எறியாதீர்கள். விரித்த உள்ளங்கையில் வைத்து, மாடி விளிம்பில் கையை உயர்த்திக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நன்றாக இருந்தால் தானே போய்விடும். போகவில்லையென்றால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.