உறுதிமொழி முடிந்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆண்டுதோறும் டிசம்பர் 10 அன்று பள்ளியில் மனித உரிமைகள் நாள் உறுதிமொழியை நானே முன்னின்று வாசித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஊர்மக்களிடம் இதைப் பற்றிப் பேச முயன்றால், ‘அதெல்லாம் கேஸ் நடத்துகிறவர்கள் விவகாரம், நமக்கு எதற்கு?’ என்று எழுந்து போய்விடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உசிலம்பட்டி

பதில்: ஐயா, அவர்கள் எழுந்து போவதற்கு அக்கறையின்மை காரணமல்ல என்றே நான் கருதுகிறேன். 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 30 உறுப்புகளையும் நாம் மேடையில் வரிசையாகச் சொல்கிறோம்; கேட்பவருக்கோ வேலை பார்த்தும் கைக்கு வராத கூலியும், கிடைக்காத பட்டாவும், பிணத்தைத் தூக்கிச் செல்ல மறுக்கப்படும் பாதையுமே மனத்தில் இருக்கின்றன. இந்த இரண்டும் ஒன்றுதான் என்பதை யாராவது அவர்களுடன் உட்கார்ந்து காட்டும்வரை உரிமை என்பது புத்தகச் சொல்லாகவே இருக்கும்.

ஆகவே பிரகடனத்திலிருந்து தொடங்காமல், ஊரில் எல்லோரும் அறிந்த ஒரு குறையிலிருந்து தொடங்குங்கள். சுடுகாட்டுப் பாதையே சிக்கல் என்றால், தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பையும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் அந்தப் பாதையை முன்வைத்தே விளக்கலாம். மனுவை நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாமல், அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்களில் எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். அதைக் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள் அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். பதில் வரவில்லையென்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். வந்த பதிலை ஊர் நடுவில் உரக்க வாசிக்கும் அந்த மாலைப்பொழுதில் மக்கள் கற்றுக்கொள்வதைப் பத்துச் சொற்பொழிவுகளாலும் கற்பிக்க முடியாது.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். கூட்டத்தை எங்கே நடத்துகிறீர்கள்? ஊரின் ஒரு பகுதியினர் ஏறி உட்கார முடியாத சாவடியில் சமத்துவத்தைப் பற்றிப் பேசுவது, பேசாமல் இருப்பதைவிடக் கேடானது. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மனித உரிமைக் கல்வி மற்றும் பயிற்சிக்கான பிரகடனம், உரிமைகளைப் பற்றிக் கற்பித்தல், உரிமைகளை மதிக்கும் வழியிலேயே கற்பித்தல், உரிமைகளைப் பயன்படுத்தவும் காக்கவும் ஆற்றல் பெறுமாறு கற்பித்தல் என மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. நாம் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். பள்ளிக்கூடமோ நூலகமோ, எல்லோரும் ஒரே பாயில் உட்காரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தேர்வே உங்கள் முதல் பாடமாக இருக்கும்.

தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் அந்தப் பழங்குடிச் சிற்றூருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் அந்தப் பெண்களின் பக்கம் நின்றார்கள். அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் அஞ்சாமல் சாட்சி சொன்னார்கள். அதிகாரியின் சீருடைக்கு மேலாகவும் ஒரு சட்டம் உண்டு என்பதை ஓர் ஊரே தன் வாழ்க்கையைக் கொண்டு கற்ற வரலாறு அது. உங்கள் ஊரில் பேசுவதற்கு இதைவிட நெருக்கமான கதை வேண்டியதில்லை.

கேள்வி: ஓர் இரவு என் மகனை விசாரணைக்கு என்று காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள் என்றாலும், அந்த இரவு முழுவதும் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். எங்கள் மகளிர் குழுவில் எல்லோருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும்.
– மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அம்மா, அந்த வாசலில் நின்ற இரவை நீங்கள் பாடமாக்க நினைப்பதே பெரிய செயல். கைது செய்யப்படும் எவருக்கும் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் தன் விருப்பப்படி வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பு சொல்கிறது; பகை நாட்டவருக்கும், குற்றம் செய்யக்கூடும் என்று கருதி முன்கூட்டியே அடைத்து வைக்கும் தடுப்புக் காவலுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிமுறைகளின்படி, கைதுக் குறிப்பு நேரமும் தேதியும் இட்டு எழுதப்பட வேண்டும். குடும்பத்தினரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் சொல்லப்பட வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவற்றின் சாரம் இருக்கிறது. சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும், 60 வயதைக் கடந்த ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வரச் சொல்லக் கூடாது என்று அதன் 179ஆம் பிரிவு கூறுகிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் சேர்ந்து பதிவாகும் கண்காணிப்புக் கேமராக்கள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. துன்புறுத்தல் நடந்ததாக ஐயம் எழுந்தால், தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு அந்தப் பதிவைப் பாதுகாக்குமாறு உடனே எழுத்தில் கேட்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் இவற்றை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒருவர் காவலராகவும் ஒருவர் தாயாகவும் நின்று, ‘என் மகனை எந்த வழக்கில் அழைத்து வந்தீர்கள்? கைதா, விசாரணையா? கைதுக் குறிப்பைக் காட்டுங்கள்’ என்று வாய்விட்டுக் கேட்டுப் பழகுங்கள். கேள்வி தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் நா எழாமல் போவதுதான் நம்மில் பலரின் துயரம். பழக்கம் அதைப் போக்கும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற உதவி எண்ணை ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்கு எழுதி, உங்கள் ஊரில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தித் தருமாறும் கேட்கலாம்.

கேள்வி: மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்ப வழக்கறிஞர் தேவையா? செலவு எவ்வளவு ஆகும்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை, தமிழிலேயே எழுதலாம். நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் அனுப்புவது முக்கியம், ஏனெனில் அதற்குப் பின் ஆணையம் விசாரிக்க முடியாது என்று 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. ‘ஆணையம் பரிந்துரைதானே செய்யும்’ என்ற சலிப்பு பலருக்கு உண்டு. ஆனால் அப்பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி: உரிமைகளைச் சொல்லிக் கொடுத்தால் மாணவர்கள் அடங்க மாட்டார்கள், முதலில் கடமைகளைக் கற்பிக்க வேண்டும் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். என்ன சொல்வது?
– அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை, அரூர்

பதில்: அரசமைப்புச் சட்டத்தில் அடிப்படைக் கடமைகள் 1976இல் சேர்க்கப்பட்டன. ஆனால் கடமையைச் செய்தவருக்கே உரிமை என்று அதில் எந்த வரியும் இல்லை. ஒரு குழந்தை அடி வாங்காமலிருப்பது அது நன்றாகப் படிப்பதற்குக் கிடைக்கும் பரிசன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது.

நம் மாநிலத்துக்கு இதில் பெருமைப்படத்தக்க அனுபவம் உண்டு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம், தன் மனித உரிமைக் கல்வி நிறுவனத்தின் வழியாக 1997 முதல் தமிழகப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரையிலான மாணவர்களுக்கு இப்பாடத்தைக் கொண்டு சென்றது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் அது நடந்தது, பின்னர் பிற மாநிலங்களுக்கும் பரவியது. ஆகவே நீங்கள் கேட்பது யாரும் செய்து பார்க்காத ஒன்றல்ல.

தன் உரிமையை உணர்ந்த மாணவர், பக்கத்தில் இருப்பவருக்கும் அதே உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே உணர வேண்டும். ‘எனக்கு’ என்பதோடு பாடம் நின்றால்தான் உங்கள் சக ஆசிரியர்கள் அஞ்சுவது நடக்கும். அடுத்த வாரம் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். வகுப்பறையைப் பெருக்குவது யார், தண்ணீர் பிடித்து வருவது யார், கழிப்பறையைச் சுத்தம் செய்யச் சொல்வது யாரை, ஆசிரியருக்குத் தேநீர் வாங்கி வர அனுப்புவது யாரை என்று மாணவர்களே ஒரு மாதத்துக்குப் பெயர் குறிக்கட்டும். மாத முடிவில் அந்தப் பட்டியலில் ஆண், பெண், சாதி வேற்றுமை தெரிந்தால் நீங்கள் எதுவும் விளக்காதீர்கள். சாதிப் பெயரைச் சொல்லி எந்தக் குழந்தையையும் கூச வைக்கவும் வேண்டாம். அடுத்த மாதத்துக்கான பட்டியலை எழுதும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்து, அதில் ஆசிரியர்களின் பெயர்களுக்கும் இடம் விடச் சொல்லுங்கள்.